ஜன்னல் வழியே வந்த கரண்ட்

புயல் அடித்து ஓய்ந்த மதியம், அவள் சலவைக்கூடத்து வேனை வீட்டுச் சந்துக்குள் திருப்பினாள். ஓட்டல்களுக்குப் போக வேண்டிய படுக்கை விரிப்புகள் பின்னால் மூட்டை மூட்டையாக அப்படியே இருந்தன. முதலாளியிடம் போனில், "அக்காவுக்கு ஆக்சிஜன் மெஷின் ஓடணும், வண்டிய வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்" என்று மட்டும் சொல்லியிருந்தாள். அவர் சரி என்றாரா, முடியாது என்றாரா, தெரியாது. அதற்குள் சிக்னல் போய்விட்டது.

அக்கா கட்டிலில், முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தாள். பாதி ஆயுளைப் பஞ்சு மில்லில் கழித்தவள். அந்தத் தூசி அவள் நுரையீரலில் குடிவந்து பல வருடம் ஆகிறது. மூக்கில் குழாய் இல்லாமல் கட்டிலிலிருந்து கதவுவரைகூட அவளால் நடக்க முடியாது. கரண்ட் போனதும் மாடி வீட்டு வாத்தியார் ஓடிவந்து, அவசரத்துக்கு வைத்திருந்த சின்ன சிலிண்டரை மாட்டிவிட்டிருந்தார். அதுவும் தீரும் கட்டத்தில் இருந்தது.

"வந்துட்டியா வாலு" என்றாள் அக்கா. தலை பாதி நரைத்தவளை வாலு என்று கூப்பிட உலகத்தில் அவள் ஒருத்திதான் மிச்சம்.

"பேசாதக்கா. மூச்சு வீணாகும்."

அது மின்சார வேன். வண்டியை ஒப்படைத்த அன்று விற்பனைக்காரப் பையன் பின்கதவுக்குப் பக்கத்தில் இருந்த பிளக்கைக் காட்டி, வீட்டில் கரண்ட் இல்லாவிட்டால் இதிலேயே ஃபேன் ஓட்டலாம், டிவி பார்க்கலாம் என்று ஆர்வமாகச் சொன்னான். 'வேன் ஓட்டவே நேரம் இல்ல, இதுல டிவி வேறயா' என்று அன்று அவள் சிரித்தாள். இப்போது அதே பிளக்கில் ஒயரைச் செருகி, மழையில் நனையாமல் பாலிதீன் சுற்றி, ஜன்னல் வழியே உள்ளே இழுத்தாள். மெஷின் ஒரு முறை கத்தியது. பிறகு அதன் வழக்கமான சத்தம் வந்தது. புஸ்... டக். புஸ்... டக். கொஞ்ச நேரத்தில் அக்காவின் உதட்டில் இருந்த நீலம் கலைந்தது.

"பெரிய ஆளுதான் நீ" என்றாள் அக்கா. "வண்டிய வச்சு மூச்சு விட வச்சுட்ட."

வாலுவுக்கும் அப்படித்தான் தோன்றியது. வண்டிக்குள் ஏறி டாஷ்போர்டைப் பார்க்கும்வரை.

பேட்டரியில் முப்பத்தொரு சதவீதம்தான். காலையிலிருந்து ஓடிய வண்டி, சார்ஜ் போட எங்கேயும் வழியில்லை. மின்வாரியத்து லைன்மேன் தெருமுனையில் நின்று, "கம்பமே சாஞ்சு கெடக்கும்மா. நாளைக்கோ, மறுநாளோ. என்னால சத்தியம் பண்ண முடியாது" என்றார். ஆஸ்பத்திரிப் பக்கம் போகும் பெரிய சாலையை ஒரு மரம் அடைத்துக் கிடந்தது. அதை வெட்டி வழி விட்டால் அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம். அதற்கும் இந்த வண்டிதான் ஓட வேண்டும். அக்காவின் மூச்சும் ஆஸ்பத்திரிப் பயணமும் ஒரே பேட்டரிக்குள் இருந்தன. மெஷின் ஒன்றும் அதிகம் குடிக்கவில்லை, எண் மெதுவாகத்தான் இறங்கியது. ஆனால் இறங்கிக்கொண்டே இருந்தது. எந்த எண்ணுக்குக் கீழே போனால் பிளக் தானாக அணையும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை.

அதிலிருந்து அவள் கஞ்சத்தனம் பிடித்தவளாகிவிட்டாள். ஃபேன் வேண்டாம் என்றாள். ராத்திரி ஒரு மெழுகுவத்தி போதும் என்றாள். மறுநாள் காலை வாத்தியார் தயங்கித் தயங்கி வந்து, "சிக்னல் வந்துடுச்சாம். பொண்ணுக்கு ஒரு வார்த்தை பேசணும்மா, போன் செத்துப்போச்சு" என்று சார்ஜரை நீட்டியபோது, முகத்துக்கு நேராக முடியாது என்று சொன்னாள். வந்தவர் தலையைக் குனிந்துகொண்டு படியேறிப் போனார்.

அக்காவுக்குக் கோபம் வந்தது. "நேத்து சிலிண்டர் மாட்டுனதே அவருதாண்டி. ஒரு போனுக்குக் குடுத்தா என் உசுரு போயிடுமா?"

"போயிடும். நீ சும்மா இரு."

"போகட்டுமே. ஊர் வாயில விழுந்து வாங்குற மூச்சு எனக்கு எதுக்கு?"

"அக்கா!"

அக்கா சிரித்தாள், சிரிப்பு இருமலானது. இருமல் அடங்கியதும் தலையணைக்கு அடியிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்தாள். அவர்கள் இருவரும் தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு சீட்டாடுவார்கள். புருஷனோடு ஒத்துப்போகாமல் ஒரு பெட்டியோடு வாலு திரும்பி வந்த நாளிலிருந்து இருக்கும் பழக்கம். அன்று அக்கா எதுவும் கேட்கவில்லை. சோறு போட்டாள், சாப்பிட்டதும் சீட்டைக் கலைத்தாள். பச்சையாகத் திருட்டு ஆட்டம் ஆடுவாள். பிடிபட்டால், "வயசுக்கு ஒரு மரியாத இல்லையா" என்பாள்.

"வா, ஒரு ஆட்டம்."

"இதோ வந்துட்டேன். நம்பர் மட்டும் பாத்துட்டு."

"என்னப் பாக்கறதுக்கு இருக்கியா, வண்டியப் பாக்கறதுக்கு இருக்கியா?"

"ரெண்டும் ஒண்ணுதான் இப்போ" என்று சொல்லிக்கொண்டே வெளியே போனாள்.

வண்டிக்குள் உட்கார்ந்தாள். பத்தொன்பது. போய்விட்டு வந்தால் மறுபடி பார்க்கத் தோன்றும், அதனால் இங்கேயே இருந்துவிடலாம் என்று நினைத்தாள். பெரிய சாலைப் பக்கம் மரம் அறுக்கும் ரம்பத்தின் சத்தம் கேட்டது. வழி திறந்ததும் கிளம்பிவிட வேண்டும், பின்னால் மூட்டைகளை ஒதுக்கி அக்காவைப் படுக்கவைக்க வேண்டும், எந்தச் சந்தில் தண்ணீர் நிற்காது என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். ஜன்னல் வழியே, "வாலு, சீட்டு போட்டாச்சு" என்று அக்காவின் குரல் வந்தது. "அஞ்சு நிமிஷம்க்கா" என்றாள். அதற்குப் பிறகு அக்கா கூப்பிடவில்லை. ஜன்னலில் மெஷின் சத்தம் மட்டும் சீராகக் கேட்டது. புஸ்... டக். அந்தச் சத்தம் இருக்கும்வரை பயமில்லை என்று அவள் இருக்கையில் சாய்ந்துகொண்டாள்.

எண் பதினெட்டுக்கு மாறியபோது அதைச் சொல்லலாம் என்று உள்ளே போனாள்.

அக்காவின் தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. குழாய் மூக்கில் சரியாகத்தான் இருந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது, வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை. போர்வையின் மேல் இரண்டு பேருக்கும் சீட்டு போட்டிருந்தாள். வாலுவின் பங்கு கவிழ்ந்தபடி ஒழுங்காக அடுக்கியிருந்தது. அக்காவின் சீட்டுகள் அவள் விரலிலிருந்து நழுவி மல்லாந்து கிடந்தன. அத்தனையும் நல்ல சீட்டு. திருடித்தான் எடுத்திருப்பாள்.

வாலு போட்ட சத்தத்தில் வாத்தியார் செருப்புக்கூட இல்லாமல் இறங்கி ஓடிவந்தார். அவர்தான் முழங்கால் தண்ணீரில் நடந்துபோய் சுகாதார நிலையத்து நர்ஸை அழைத்து வந்தார். நர்ஸ் நெடுநேரம் சோதித்துவிட்டு மெஷினை அணைத்தாள். வீடே திடீரென்று காலியானது போல இருந்தது.

"மெஷின் நின்னதால இல்லம்மா. இதயம் நின்னிருக்கு" என்றாள்.

"நான் உள்ள இருந்திருந்தா?"

"ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. கையப் பிடிச்சுட்டு இருந்திருக்கலாம், அவ்வளவுதான்."

ஆறுதலாகத்தான் சொன்னாள். வாலு அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். அது குளிர ஆரம்பித்திருந்தது.

சாயங்காலம் வழி திறந்தது. ஆனால் பிணவண்டி எதுவும் இன்றைக்குக் கிடைக்காது என்றார்கள். அவளே ஒயரைப் பிடுங்கினாள், மூட்டைகளை ஒதுக்கினாள், துவைத்து மடித்த வெள்ளை விரிப்பு ஒன்றை எடுத்து அக்காவைப் போர்த்தினாள். வாத்தியார் பக்கத்தில் ஏறிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு முகமில்லை. "சார், காலைல நான்..." என்று ஆரம்பித்தாள். "வண்டிய எடும்மா" என்றார் அவர். மரம் அறுத்த இடத்தில் ஆட்கள் வழி மறித்தார்கள். ஒருவன் ஜன்னலில் குனிந்து, "என்ன லோடு?" என்று கேட்டான்.

"எங்க அக்கா" என்றாள்.

அவன் உள்ளே எட்டிப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து, மற்றவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிக் கையைக் காட்டினான். சுடுகாடுவரை போகச் சார்ஜ் போதுமானதாக இருந்தது. திரும்பி வரவும் போதும். அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. இவ்வளவு மிச்சம் பிடித்தாயிற்று.

எல்லாம் முடிந்து இரண்டு நாள் கழித்து, அவள் முன்வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது கரண்ட் வந்தது. சந்து முழுக்க ஒரே கூச்சல். பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள், எங்கோ ஒரு மோட்டார் உறுமியது. கை ஈரத்தோடு அவள் எழுந்து உள்ளே ஓடினாள்.

"அக்கா, கரண்ட் வந்துடுச்சுக்கா..."

பாதி அறை கடந்துவிட்டாள். பிறகுதான் கட்டில் கண்ணில் பட்டது.