ஒஸ்ஸியின் தட்டு தொலைந்ததா?

கடைசிக் கூடைக்கு வந்தபோது ஒஸ்ஸி ஒரு வீச்சு முன்னால் இருந்தான். மச்சினன் தார்மோவை அவன் இதுவரை ஜெயித்ததே கிடையாது. ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஏரிக்கரைக் குடிலில் குடும்பம் கூடினால், தட்டை எறிந்து கூடையில் விழவைக்கும் டிஸ்க் கோல்ஃப் உண்டு. ஜெயித்தவன் கையில்தான் அந்த வருஷம் முழுக்க சவுனா என்கிற ஆவிக்குளியல் அறையின் அகப்பை. தார்மோ அந்த அகப்பையால் கொதிக்கும் கற்களின்மேல் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றுவான். ஆவியில் வெந்துபோய் முதலில் ஏரிக்கு ஓடுவது ஒஸ்ஸிதான். ஓடிய கதையைச் சொல்லிச் சிரிப்பது கிறிஸ்துமஸ் வரை நடக்கும்.

அகப்பை கைக்கு வந்துவிட்டது என்ற நினைப்பிலேயே எறிந்தான். தட்டு பைன் மரத்தில் பட்டுப் புதருக்குள் விழுந்தது.

தார்மோ கைபேசியை எடுத்தான். "மூணு நிமிஷம். அதுக்குள்ள கெடைக்கலன்னா தொலைஞ்ச தட்டு. ஒரு வீச்சு தண்டம், திரும்ப அங்கேருந்தே எறியணும்."

"நீங்களும் சேர்ந்து தேடணும். அதுவும் விதிதான்."

ஒஸ்ஸி, தார்மோ, ஒஸ்ஸியின் மனைவி கைசா மூவரும் குனிந்தார்கள். புதர் முழுக்கப் புளூபெர்ரி பழுத்துக் கிடந்தது. பழுத்ததைப் பார்த்துவிட்டுச் சும்மா தாண்டிப் போகிற ஆளை அந்த ஊரில் நான் பார்த்ததில்லை.

"நேரம் முடிஞ்சுது," என்றான் தார்மோ.

அப்போதுதான் கைசாவின் காலடியில் தட்டு ஒஸ்ஸியின் கண்ணில் பட்டது.

"நீ எங்கடா தேடுன? நாக்க நீட்டு," என்றான் தார்மோவிடம்.

தார்மோ நீட்டினான். கருநீலம். "இப்ப நீ நீட்டு."

ஒஸ்ஸி வாயை இறுக மூடிக்கொண்டான்.

தகராறு வந்தால் பெரும்பான்மை சொல்வதுதான் தீர்ப்பு. இருவரும் கைசாவைப் பார்த்தார்கள். ஒருபக்கம் புருஷன், மறுபக்கம் கூடப்பிறந்தவன். அவள் தொப்பி நிறையப் பழத்தோடு நிமிர்ந்தாள்.

"தட்டு தொலையல. நான் அப்பவே பாத்துட்டேன்."

"எப்ப?"

"நீ கைபேசிய எடுத்த கையோட."

"சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா ஆட்டத்துக்குக் கெளம்பிடுவீங்க. பழம் பத்தல."

ஒஸ்ஸி அந்தத் தொப்பியைப் பார்த்தான். கட்டியவனின் ஒரு வருஷத்து மானத்தைப் பழத்துக்காக அடகு வைத்திருக்கிறாள். ஆனால் தீர்ப்பு சாதகமாக இருக்கும்போது யார் வாயைத் திறப்பார்கள்?

"கண்டதச் சொல்லாததுக்குத் தண்டம் இல்லையா?" என்றான் தார்மோ.

"கண்டுபிடிச்சா கத்தணும்னு எங்க எழுதியிருக்கு? காட்டு."

தார்மோ விதிகளை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டுக் கைபேசியைப் பைக்குள் போட்டான்.

சாயங்காலம் சவுனாவில், ஜெயித்த ஒஸ்ஸி அகப்பையோடு மேல்படியில் உட்கார்ந்தான். பழிவாங்க வேண்டும் என்றுதான் வந்தான். பக்கத்தில் தார்மோ கண்ணை மூடிப் பலகையைப் பற்றியிருந்ததைப் பார்த்ததும் பாவமாகிவிட்டது. அரை அகப்பை மட்டும் ஊற்றினான்.

 பிறகு தார்மோ சுவரைப் பார்த்துச் சொன்னான்:

"எனக்கும் சூடு தாங்காது, ஒஸ்ஸி. எப்பவுமே தாங்காது. அகப்பை வெச்சிருக்கிறவன் மொதல்ல எறங்கி ஓடினா அசிங்கம் இல்லையா? நீ எப்படா ஓடுவேன்னுதான் ஊத்திக்கிட்டே இருப்பேன்."

இத்தனை வருஷம் இன்னும் கொஞ்ச நேரம் பல்லைக் கடித்திருந்தால் போதும் என்பது ஒஸ்ஸிக்கு உறைத்தது. அகப்பையை வாளிக்குள் விட்டு நிறைய மொண்டான்.

"கதவு தெறந்துதான் இருக்கு, தார்மோ," என்றான்.