கழற்றாத பலகை

எண்ணெய் வாசனை மூக்கில் ஏறியதுமே மேஸ்திரி நடையை நிறுத்தினார். இந்தச் சுவரில் எண்ணெய்க்கு என்ன வேலை?

மேட்டு மண் சரியாமலிருக்கச் சாலையோரம் எழுப்பும் தடுப்புச் சுவர் அது. வழக்கமான சென்ட்ரிங் என்றால் பலகை அடித்து, எண்ணெய் தடவி, கான்கிரீட் ஊற்றி, இறுகியதும் பலகையை உருவிவிடலாம். ஒட்டாமல் வரத்தான் எண்ணெய். இங்கே கதையே வேறு. பலகையே கான்கிரீட்டில் வார்த்து வந்தது. அதைக் கழற்றவே மாட்டார்கள், சுவருக்கு அதுதான் முகம். உட்பக்கம் சொரசொரவென்று இருப்பதும், கம்பி வளையங்கள் நீட்டிக்கொண்டிருப்பதும், ஊற்றுகிற கலவை கெட்டியாகப் பிடித்துக்கொள்ளத்தான். அதில் போய் யாராவது எண்ணெய் தடவுவார்களா?

தடவியிருந்தார், அவருடைய மச்சான்.

மனைவியின் அண்ணன். தகப்பன் இல்லாத வீட்டில் தங்கையை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவர். காலமெல்லாம் சென்ட்ரிங்கிலேயே ஊறிய கை. வேலை போய் வீட்டோடு முடங்கிக் கிடந்தவரை, "எங்கண்ணன் மூஞ்சியப் பாக்க முடியலங்க" என்று மனைவி அழுததால், மேஸ்திரிதான் இன்ஜினியரம்மாவிடம் கெஞ்சிக் கூத்தாடிச் சேர்த்துவிட்டிருந்தார். இந்தப் பலகை வேறு ரகம் என்று முதல் நாளே சொல்லியிருக்கலாம். பழுத்த ஆளுக்குப் போய் நாம் பாடம் எடுப்பதா என்று கூச்சப்பட்டு விட்டுவிட்டார். பாழாய்ப்போன கூச்சம்!

"சாப்பாட்டு நேரத்துல சும்மா உக்கார மனசு வரல மாப்ள," என்றார் மச்சான், கந்தல் துணியில் கையைத் துடைத்தபடி. "ஒரு பயலும் எண்ணெய் போடல. அஸ்திவாரத்துக்கு வாங்குன டப்பா கெடந்துச்சு, அந்தக் கோடி பூரா நானே போட்டுட்டேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க, பசங்க திட்டு வாங்குவானுங்க."

வந்த நாள்முதல் இன்றைக்குத்தான் மனிதர் முகத்தில் சிரிப்பை மேஸ்திரி பார்க்கிறார்.

பம்ப் உறுமிக்கொண்டிருந்தது. இந்தக் கோடியில் ஊற்ற ஆரம்பித்த கலவை அந்தக் கோடியை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. ஊற்றிவிட்டால் எந்தக் கொம்பனாலும் கண்டுபிடிக்க முடியாது. வளையங்கள் பிடித்துக்கொள்ளாதா என்ன? பிடிக்கும். ஆனால் எத்தனை மழைக்கு? இடுக்கில் தண்ணீர் இறங்கி, வளையம் துருவேறி, ஒருநாள் பலகை மொத்தமாகப் பெயர்ந்தால்? சுவர் முடிந்ததும் பஸ் நிறுத்தம் அதன் அடியில்தான் வரப்போகிறது. இப்போதே எதிர்ப்பக்கம் வெயிலில் ஜனங்கள் குடை பிடித்து நின்றிருந்தார்கள்.

"மச்சான்... இத எப்பவுமே கழட்ட மாட்டோம்."

"கழட்டாம?"

"இப்படியேதான் இருக்கும். சுவரோட சுவரா."

மச்சான் திரும்பிச் சுவரைப் பார்த்தார். தொழில் தெரிந்த மனிதர். அதற்குமேல் விளக்கத் தேவைப்படவில்லை. கை மட்டும் துணியைத் திரும்பத் திரும்பக் கசக்கியது.

"தங்கச்சி காதுக்குப் போக வேணாம் மாப்ள," என்றார், குரலே இல்லாமல்.

பம்பின் குழாய் எண்ணெய் போட்ட பலகைகளை நெருங்கிவிட்டது. மேஸ்திரி இரண்டு கையையும் தூக்கிக் கத்தினார்.

"நிறுத்து! பம்ப நிறுத்துய்யா!"

உறுமல் அடங்கியது. சாரத்தில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பம்ப் பக்கமிருந்து இன்ஜினியரம்மா ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு வேகமாக வந்தார்.

"என்ன மேஸ்திரி, யாரு என்ன பண்ணாங்க?"

மேஸ்திரி மச்சானின் கையிலிருந்த எண்ணெய்த் துணியைப் பிடுங்கி, சுத்தமாக இருந்த தன் கைகளில் எண்ணெய் ஏறும்படி அழுத்தித் துடைக்கத் தொடங்கினார்.