வளையல் அளவு

மகன் தஞ்சோங் பகாரில், அம்மா தேக்கா பக்கத்தில். இரண்டும் சிங்கப்பூருக்குள்தான். நடுவில் என்ன கடலா கிடக்கிறது? ஆனாலும் அருண்ராஜ் அந்த வீட்டு வாசலை மிதித்து மாதக்கணக்காகிவிட்டது. சிவகாமசுந்தரி குளியலறையில் வழுக்கி விழுந்தபோதுகூட போனில்தான் பதறினான். பதறின கையோடு ஸ்மார்ட் வாட்ச் வாங்கி அனுப்புவதாகச் சொன்னான்.

“நீங்க விழுந்தா அதுவே எனக்கு மெசேஜ் அனுப்பிடும்மா. இந்த ஸ்ட்ராப்புல பக்கிள் கிடையாது, மணிக்கட்டு சைஸ் பார்த்துத்தான் வாங்கணும். அளந்து சொல்லுங்க.”

“நேர்ல வந்து அளந்துட்டுப் போயேன்டா.”

“ஆபீஸ்ல பிஸி லா, மா.”

அவளுக்குத் தெரிந்த கையளவு வளையல் அளவுதான். தங்க வளையலைக் கழற்றி, அதைச் சுற்றி நூல் பிடித்து, ஸ்கேலில் வைத்துப் பார்த்துச் சொல்லிவிட்டாள். வளையல் விரல் முட்டியைத் தாண்டி ஏற வேண்டும், வாட்ச் தோலை ஒட்டிக் கிடக்க வேண்டும், இரண்டும் ஒன்றாகுமா என்று யோசிக்கவில்லை.

வந்த வாட்ச் முழங்கை வரை போய்த் திரும்பியது. கையில் இருப்பது அதற்கே தெரியாமல், அம்மா கழற்றிவிட்டாள் என்று மகனிடம் கோள் மூட்டியது. “ஏம்மா கழட்டுனீங்க?” என்று உடனே போன் வரும். தினமும் இதே பாட்டு. அவளுக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. போன் எடுக்கக்கூட நேரமில்லாதவன் தானாகக் கூப்பிடுகிறானே! கடைசியில் அவனே அலுத்துப்போய், சனிக்கிழமை வந்து மாற்றித் தருவதாகச் சொன்னான்.

அன்று காலையிலேயே சந்தைக்குப் போய், அவனுக்குப் பிடித்த நண்டு வாங்கிக் குழம்பு வைத்தாள். அவனோ மேலே வரவில்லை. கீழே நின்றபடி போன் செய்து இறங்கி வரச் சொன்னான்.

டோபி காட்டில் இருந்த வாட்ச் கடையில் யாமினி என்ற விற்பனைப் பெண் ஒரு காகிதப் பட்டையை அவள் மணிக்கட்டில் சுற்றி இழுத்துப் பிடித்தாள். “நாலாம் நம்பர் சைஸ், ஆன்ட்டி. கரெக்டா இருக்கும்.”

கரெக்டாக இருந்துவிட்டால்? அப்புறம் இவன் எதற்குக் கூப்பிடப் போகிறான்? சிவகாமசுந்தரி பட்டையை விரலால் நெகிழ்த்திவிட்டாள்.

“இறுக்குதும்மா. ஆறு குடு.”

“ரொம்ப லூசு ஆன்ட்டி. விழுந்தாக்கூடச் சொல்லாது.”

“எனக்கு இதுதான் வசதி.”

அருண்ராஜ் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “அவங்களுக்கு எது ஓகேவோ அதையே குடுங்க,” என்றான்.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள். “நண்டுக் குழம்பு வச்சிருக்கேன்டா. ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ.”

“நெக்ஸ்ட் டைம் மா.” ரயில் நிலையப் படியருகில் நின்று போனை அவள் பக்கம் திருப்பிக் காட்டினான். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. “கழட்டிட்டாங்கன்னு மெசேஜ் வந்து உயிரை வாங்குச்சில்ல? அதை ஆஃப் பண்ணிட்டேன். இனிமே நீங்க எப்ப வேணா கழட்டலாம், நான் கேக்க மாட்டேன்.”

பாவி, பெற்ற வயிறு எரிந்தது அவளுக்கு.

“நல்லதாப் போச்சு,” என்றாள்.

அவன் கையசைத்துவிட்டுப் படியிறங்கினான். அவளும் பதிலுக்குக் கையைத் தூக்கினாள். வாட்ச் முழங்கைக்கு வழுக்கிப் போனது.