மெர்லோவுக்கு ஒரு ட்ரையல்

1

இந்தக் கதை ஒரு காலி பாட்டிலிலிருந்து வந்தது, கண்ணுங்களா. கள்ளிக்குப்பத்தில் ஒரு வீட்டு ஜன்னலில் கரும்பச்சை பாட்டில், அதில் மணிபிளாண்ட். "ஃபாரின் ஒயின் பாட்டில்" என்றார்கள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நடந்ததை எழுத வேண்டியிருக்கும்.

நான் ஒயின் குடித்ததில்லை. ருசி சொல்ல ஒரு நாக்கு தேவைப்பட்டது. தாயம்மாவை உண்டாக்கினேன்.

2

முதல் தொடக்கம்: 'அம்பத்தூர் எஸ்டேட்டின் மேல் மேகங்கள் திராட்சைக் குலைகளாய்த் தொங்கி—'

(வேண்டாம். மேகம் வந்தால் தாயம்மா துணி எடுக்க ஓடிவிடுவாள்.)

இரண்டாவது: 1993. தாயம்மாவின் கணவன் உலகநாதன் அம்பத்தூர் தொழிற்பேட்டையில், அதுதான் எஸ்டேட்டில், ஒரு கம்பெனியில் லேத் ஓட்டி இரும்பு கடைகிறவன். கம்பெனிக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் லேத் வந்திருந்தது. அதை ஓட்டப்போவது யார் என்பதைத் திங்கட்கிழமை சொல்லப்போகிறவர், மிஷினை மாட்ட வந்த பிரெஞ்சுக்கார இன்ஜினியர் பியேர். உலகநாதன் அந்த மிஷினைத் துடைக்கிற சாக்கில் தினமும் தடவிக்கொடுப்பான்.

சனிக்கிழமை பியேர் அவன் கையில் ஒரு பாட்டிலைக் கொடுத்தார். சூப்பர்வைசர் தமிழில் சொன்னார்: "மெர்லோங்கற திராட்சையாம். கூட வேற திராட்சையும் கலந்திருக்காம். நல்லா உடம்பு உள்ள ஒயினாம். நாளைக்கு மதியம் உன் வீட்டுக்குச் சாப்பிட வராரு. இதோட சேர்த்துச் சாப்பிட எது பொருந்தும்னு நீயே பார்த்துச் சமைக்கணுமாம்."

பரீட்சை இதுதான் என்று உலகநாதன் முடிவுகட்டிவிட்டான்.

3

"ஒயினுக்கு ஒடம்பு கீதாம்மே," என்றான் வீட்டுக்கு வந்த உலகநாதன்.

"தல எங்க கீது?"

"வெளாடாத. மிஷினு நம்ம கைக்கு வர்றது இதுலதான் கீது. இன்னா செய்யப் போற?"

"கருவாட்டுக் கொயம்பு."

"ஒத்துக்கலன்னா? ட்ரையல் எடுக்காம ஜாப் ஓட்டக்கூடாதும்மே."

லேத்காரர்களின் சட்டம் அது. முதல் பீஸைக் கடைந்து, அளந்து, சாக்பீஸால் ஓகே போட்ட பிறகுதான் வேலை தொடங்கும். ஒரு பீஸ் சரியாக வந்தாலும் நம்ப மாட்டார்கள். தொடர்ந்து வர வேண்டும்.

ஞாயிறு காலை தக்கையில் ஒரு ஸ்க்ரூவை முறுக்கி, கட்டிங் பிளேயரால் இழுத்தான். ஒயின் கிளாஸ் ஏது? பிள்ளைக்குப் பால் புகட்டிய பாலாடை இருந்தது. ஆளுக்கொரு பாலாடை.

"இன்னாய்யா இது! நாவப்பயத்த டீத்தூளோட கொதிக்க வெச்சா மாரி கீது. நாக்கு சுருங்கிப்போச்சி."

(எனக்கு இந்த வரி பிடித்திருக்கிறது. உங்களுக்கும் பிடித்தால் சந்தோஷம்.)

கூழோடு குடித்தார்கள். கூழின் புளிப்பும் ஒயினின் துவர்ப்பும் குழாயடியில் சண்டைக்கு நிற்கிற மாதிரி நின்றன. வடைகறியோடு குடித்தார்கள். ஒயின் இருக்குமிடம் தெரியவில்லை. கருவாட்டுக் குழம்பு ஜெயிக்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்காகவே கத்திரிக்காய்கூடப் போட்டேன். உலகநாதன் முகத்தைச் சுளித்தான்.

"தூ! லேத்து டூல் பிட்ட நக்கினா மாரி இரும்பு வாட அடிக்குது."

சொந்தப் பாத்திரமே பேச்சு கேட்பதில்லை. என்ன செய்ய?

பக்கத்து வீட்டு ஃபக்ருன்னிசா மதில் மேல் ஒரு கிண்ணத்தை வைத்தாள். "நாங்க அத்த தொட மாட்டோம், தாயம்மாக்கா. உப்புக்கண்டம் வறுத்தேன், வேணா பாருங்க."

உப்புக்கண்டத்தைக் கடித்து, மேலே ஒரு பாலாடை ஊற்றினார்கள். துவர்ப்பு போன இடம் தெரியவில்லை. ஆட்டுக்கொழுப்பும் உப்பும் நாக்கில் பாய் விரிக்க, ஒயின் மெதுவாக வந்து சாய்ந்து உட்கார்ந்தது.

"யோவ்!" என்றாள் தாயம்மா. "ஒடம்பு கீதுய்யா!"

"தொடர்ந்து வரணும்மே. இன்னொண்ணு எடு."

எடுத்தார்கள். வந்தது. மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் வந்தது. தாயம்மா மிச்ச உப்புக்கண்டத்தை இரும்புச் சட்டியில் சூடாக்கினாள். உலகநாதன் சட்டைப்பையிலிருந்து சாக்பீஸ் எடுத்து, சட்டியின் கரிப்பிடித்த பக்கத்தில் பெரிதாக எழுதினான்: ஓகே.

பிறகு பாட்டிலைச் சாய்த்தான். ஒரே ஒரு சொட்டுதான் விழுந்தது.

4

தெருமுனையில் பியேர் வருகிற அம்பாசடர் சத்தம்.

முடிவு அ: பியேர் இன்னொரு பாட்டிலோடு வருகிறார். (கிழித்துவிட்டேன். அவ்வளவு நல்ல காலம் அம்பத்தூரில் யாருக்கு?)

முடிவு ஆ: தாயம்மா பாட்டிலில் நன்னாரி சர்பத்தை ஊற்றி— இங்கே அவள் கரண்டியோடு என் பக்கம் திரும்பினாள்.

"இன்னா பெரிம்மா, சாப்பிட வர்ற மனுசனாண்ட டூப்பு உட சொல்றியா? உன் ஊட்டுக்கு வந்தா அப்படித்தான் ஊத்துவியா?"

நான் அந்த வரியை அடித்துவிட்டேன்.

முடிவு இ: உலகநாதன் மிஷின் போச்சே என்று பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்—

"வெளிய வாய்யா! சட்டிய புடி!"

வந்துவிட்டான். இலை போட்டாயிற்று. காலி பாட்டில் இலைக்குப் பக்கத்தில், மறைக்காமல். ஓகே போட்ட சட்டி அவன் கையில்.

5

பியேரை எழுத எனக்கு வரவில்லை, கண்ணுங்களா. காலி பாட்டிலைப் பார்த்தால் ஒரு பிரெஞ்சுக்காரரின் முகம் எப்படி மாறும் என்று நான் எங்கே கண்டேன்? அதனால் அவருக்குப் பதிலாக வாசலில் செருப்பைக் கழற்றுவது நீங்கள்தான். உப்புக்கண்ட வாசனை வருகிறதா? தலை குனிந்து வாருங்கள், வாசல் நிலை தாழ்வு.

உட்காருங்கள். முதலில் ஒரு வாய் சாப்பிடுங்கள். மிஷின் யாருக்கு என்று அப்புறம் நீங்களே சொல்லலாம்.