தாய் கத்தரித்த குழல்

குளிர்கால வாயிலில் வரும் தூய மார்ட்டின் திருநாளுக்கு மறுநாள் மாலை. மியூசு ஆற்றின்மேல் எழுந்த மூடுபனி, படகுத்துறையை விழுங்கி, பன்றிகள் மேயும் ஓக்குமரக் காட்டை விழுங்கி, போரில் மாண்ட பிராங்கர் மன்னன் ஓதமரின் மரமாளிகையையும் விழுங்க வந்தாற்போல் அதன் கூரை விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே, அண்ணன் அமர்ந்த உயர் இருக்கையில் தம்பி குண்டோபெர்ட்டு அமர்ந்திருந்தான். அவன்முன் வந்து நின்ற கைம்பெண் அரசி இராதெலிண்டா, வாய் திறந்ததுமே சிறு பிழை ஒன்று செய்தாள். பழைய பழக்கத்தால் “கொழுந்தனாரே” என்று அழைத்துவிட்டாள்.

“பாருங்கய்யா, அண்ணிக்கு நான் இன்னும் கொழுந்தன்தானாம்! ராசான்னு கூப்பிட்டா வாய் வலிக்குமோ?”

மது மாந்திய வீரர் நகைத்தனர். அரசி நகைக்கவில்லை. அவள் கைப்பற்றி நின்ற ஆறு அகவைச் சிறுவன் சிகிமர், பிறந்த நாள் முதல் இரும்பு தீண்டாத பொன்னிறக் குழல் இடைவரை புரள, தான் அரசகுலத்தான் என்பதைக் காண்போர்க்கெல்லாம் அறிவித்து நின்றான். படிப்போரே, அக்குழலே அவனுக்குக் கூற்றாய் வளர்ந்திருந்தது. ஓதமர் விலக்கிய முதல் மனைவியின் மைந்தர் இருவரும், சிற்றப்பனோடு வேட்டைக்குச் சென்று, பன்றி கிழித்த உடல்கள் என்ற பெயரில் மூடிய பாடையில் திரும்பி ஒரு திங்களும் நிறையவில்லை. குண்டோபெர்ட்டின் இளமனைவியோ நிறைசூலியாய் அவனருகில் அமர்ந்திருந்தாள். ஆகவே, சிறுவனின் முதல் மயிர்க்கற்றையைக் கத்தரிப்பவன் அவனுக்குத் தந்தையாவான் என்னும் பிராங்கர் குலவழக்கை, வெள்ளத்தில் வீழ்ந்தவள் வேரைப் பற்றுவதுபோல் இராதெலிண்டா பற்றினாள். தன் மகனைத் தானே கொல்வான் எவனுமில்லை என்று நம்பினாள்.

“இவனுக்கு முதல் கத்திரி நீங்கதான் வைக்கணும், ராசா. அப்பன் இல்லாத புள்ள.”

“வைக்கிறேன், அதுக்கென்ன!”

ஒரே ஒரு கற்றையை நறுக்கி, சிறுவனை மடியில் இருத்தி, உச்சி முகர்ந்தான் மன்னன். கேடயம் தட்டி ஆர்த்தது அவை. மகன் பிழைத்தான் என்று எண்ணினாள் அரசி.

“இனி நீ என் மவன்டா. அம்மா பின்னாலயே ஒட்டிக்கிட்டுத் திரியக் கூடாது. நாளைக்கு அப்பாகூட வேட்டைக்கு வர்றே, என்ன?”

“அவன் சின்னப் புள்ள…”

“என் புள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன். உங்களக் கேக்கணுமா அண்ணி?”

மூத்தவர் இருவரின் பாடையையும் சுமந்த கிழவீரன் வாரோ, தலை நிமிராமல் தன் கிண்ணத்தையே நோக்கியிருந்தான். வேலியென்று தான் நட்டதே பயிரை மேயக் கண்ட அரசி, பலகைமேல் கிடந்த கத்தரிக்கோலை எடுத்தாள். மகனை இழுத்து முழங்காலிடை இறுக்கினாள். குழலை அடியோடு வெட்டலானாள்.

“அம்மா, வேணாம்மா! நான் ராசா ஆவணும்னு அப்பா சொன்னாரு!”

“ராசா வேணாம்டா. நீ இரு, போதும்.”

மன்னன் எழுந்தான். “என்ன பண்றீங்க அண்ணி?”

“மடத்துக்கு நேந்துக்கிட்டேன். மொட்டத் தலையனுக்கு நாடும் இல்ல, வேட்டையும் இல்ல.”

தரையில் கிடந்த பொற்குவியலையும், தன் மனைவியின் வயிற்றையும் மாறிமாறிப் பார்த்த மன்னன், மெல்ல அமர்ந்தான். “துறவிக்கு எதுக்கு ஈட்டிய வீணாக்கணும்? கூட்டிட்டுப் போங்க.”

மணத்தாலும் மகவாலும் மன்னர் பின்னும் உறவு, அணைக்கும் கையாகவும் நெரிக்கும் கயிறாகவும் ஆவது. அது எதுவாகுமென்பதைப் பின்னுவோரும் முன்னறியார். அன்றிரவு படுக்கையில் சிகிமர் தாயின் முகத்தைத் திரும்பியும் பாராமல் சுவரோடு ஒண்டிக் கிடந்தான். விடியுமுன் அவனைப் படகேற்றி மடத்தில் சேர்க்க வேண்டும். அதற்குமுன், அந்த வெறுந்தலைக்குக் கம்பளி உறை ஒன்று தைக்க வேண்டும்.