மடைக்கு எதிரே ஒரு ஜன்னல்

வடிவம்மாள் அக்கா சொன்னதை எழுதியபோது அவருடைய பெயரை நான் எழுதவில்லை. வீட்டு எண்ணை எழுதவில்லை. வயதையும், என்ன வேலை பார்க்கிறார் என்பதையும் எழுதிவிட்டு அடித்தேன். கடைசியில் மிஞ்சியது ஒரு வரிதான்: மடையை ஒட்டிய இடத்தில், விடிகிற நேரத்தில், செப்டிக் டேங்க் லாரி கழிவைக் கால்வாயில் திறந்துவிடுகிறது. வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன். பிறகு இன்னொரு முறை எல்லாவற்றையும் படித்துப் பார்த்தேன். எதையும் இரண்டாவது தடவை பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

பகலில் வண்ணார்பேட்டையில் ஒரு கண்ணாடிக் கடையில் பில் போடுகிறேன். மாலையில் பாளையங்கோட்டையில் நகர வளர்ச்சி பற்றிய பட்டய வகுப்பு. இந்த வருட ஆய்வுக்கு எனக்கும் கூடப் படிக்கிற இர்ஷாத்துக்கும் ஒரு கால்வாய்க்கரை வார்டைக் கொடுத்திருந்தார்கள். தாமிரபரணியிலிருந்து பிரிந்து ஊருக்குள் வருகிற தண்ணீர் எங்கெங்கே கெடுகிறது, அதனால் யார் பாதிக்கப்படுகிறார்கள், எதை மாற்றலாம் என்று பார்க்க வேண்டும்.

அக்கா பீடி சுற்றுகிறவர். தேவசிகாமணி அண்ணாச்சியின் வளவில் வரிசையாக இருக்கும் வீடுகளில் கடைசி வீட்டில், மகளோடு வாடகைக்கு இருக்கிறார். பேட்டி எடுக்கப் போன அன்று ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்துக்கொண்டு, இலையை வெட்டியபடியே பேசினார். லாரியைப் பற்றிச் சொல்லி முடித்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏட்டி செல்வி, இத நான் சொன்னேன்னு எங்கனயாச்சும் வந்துரக் கூடாது. லாரியும் அண்ணாச்சியோடது, இந்த வீடும் அண்ணாச்சியோடது. தெரிஞ்சா அந்த வாரமே காலி பண்ணச் சொல்லிருவாரு. மக பன்னெண்டாவது பரீட்ச எழுதப் போறா. இப்பப் போயி நான் எங்க வீடு தேட?"

"வராதுக்கா. பேரே இருக்காது."

"பேரு இல்லேன்னா சரிதான்" என்று மறுபடி இலையை எடுத்தார்.

எங்கள் வகுப்பில் ஒரு முறை உண்டு. ஆய்வில் கண்டதை அந்த வார்டு மக்களிடமே திருப்பிக் காட்ட வேண்டும். எல்லோரும் சேர்ந்து வார்டு முழுக்க நடப்பார்கள். புள்ளி உள்ள இடத்தில் நின்று, கண்டதை நான் படிக்க வேண்டும். சரியா தப்பா என்று அங்கேயே பேசிக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை அந்த நடை. ஆசிரியை வித்யாலக்ஷ்மி மேடம், சுகாதார ஆய்வாளர் நாறும்பூநாதன், வார்டு மக்கள் கொஞ்சம் பேர். கூடவே, குடியிருப்போர் சங்கத் தலைவர் என்கிற முறையில் தேவசிகாமணி அண்ணாச்சி.

அவர் வருவார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பயப்படவில்லை. லாரி யாருடையது என்றுகூட நான் எழுதியிருக்கவில்லை.

அண்ணாச்சி வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார். எல்லோருக்கும் பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தார். மேடத்தைப் பார்த்து, "என்ன மேடம், பிள்ளைகள இப்படி வெயில்ல வாட்டுதீங்க" என்றார். இர்ஷாத்தின் தோளில் கை போட்டுக்கொண்டார்.

"ஏலே, நீ மேலப்பாளையம்தான? உங்க வாப்பாவ எனக்கு நல்லாத் தெரியும். ஒரு நாளு பிரியாணிக்குக் கூப்பிட மாட்டேங்காரே."

"நீங்க சுத்த சைவம்னு சொன்னாங்க அண்ணாச்சி."

"எவம்லே சொன்னது? அவன இங்கன கூட்டிட்டு வா, முத வேல அதான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்படியே மடைக்கு வந்து சேர்ந்தோம்.

கால்வாய்க்கு இந்தப் பக்கம் வளவின் பின்சுவர். அந்தப் பக்கம் வாழைத்தோட்டம். சுவருக்கும் கால்வாய்க்கும் நடுவில் லாரி திரும்புகிற அளவுக்கு ஒரு மண் திட்டு. தாளை எடுத்து அந்த வரியைப் படித்தேன். அண்ணாச்சி தாளைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. திட்டின் நடுவில் போய் நின்று, ஒரு இடத்தை விலைக்குப் பார்க்கிறவர் மாதிரி பைய ஒரு சுற்றுத் திரும்பினார். வாழைத்தோட்டம். மடை. கால்வாய் வளைகிற இடம். பிறகு சுவர்.

நீளமான வெறும் சுவர். அதில் ஒரே ஒரு ஜன்னல்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெயரையும் எண்ணையும் வயதையும் மறைத்துவிட்டு, பார்த்தவர் எங்கிருந்து பார்த்திருப்பார் என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை. இத்தனை பேரைக் கூட்டிவந்து, அந்தக் கேள்விக்கான விடையின் முன்னாலேயே நிறுத்தியிருக்கிறேன். ஜன்னலுக்குள் பீடித்தட்டின் விளிம்பு தெரிந்தது. அதைப் பிடித்திருந்த கை அசையவில்லை.

"நல்ல ஆராய்ச்சிதான்" என்றார் அண்ணாச்சி. குரலில் சோடா வாங்கிக் கொடுத்தபோது இருந்த அதே சிரிப்பு. "விடியக்கால நேரத்துல இங்கன ஆள் நடமாட்டமே கிடையாதே. யாரு பாத்தது?"

மேடம் முந்திக்கொண்டார். "ஆய்வில் யாருடைய பெயரையும் சொல்ல மாட்டோம் சார்."

"பேரு வேண்டாம் மேடம். சும்மா கேக்கேன்." மறுபடி ஜன்னலைப் பார்த்தார்.

"நான்தான் பார்த்தேன்" என்றேன்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அண்ணாச்சி கடைசியாகத் திரும்பினார்.

"நீயா? எங்கன நின்னு பாத்த?"

"அந்தக் கரையில. வாழைத்தோட்டத்து வரப்புல. ஆய்வுக்குத் தண்ணி சாம்பிள் எடுக்க வந்தேன்."

"ஒத்தையிலயா?"

"நான்தான் பைக்ல கொண்டாந்து விட்டேன் அண்ணாச்சி" என்றான் இர்ஷாத். நான் அவனைக் கேட்கவில்லை. அவன் என்னைப் பார்க்கவும் இல்லை.

"அப்ப நீயும் பாத்தியோ?"

"நான் டீ குடிக்கப் போயிட்டேன்."

"நீ போவத்தான செய்வ" என்று சிரித்தார். அவரோடு சேர்ந்து இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. என்னிடம் திரும்பினார். "லாரி எப்படிம்மா நின்னுச்சு? மூஞ்சி எங்கிட்டு?"

அக்கா சொன்னதை நான் வரி பிசகாமல் எழுதியிருந்தேன். "பின்பக்கம் மடையப் பார்த்து. முகம் ரோட்டுப் பக்கம். குழாயைக் கால்வாயில விட்டுட்டு டிரைவர் ஒதுங்கி நின்னு பல் துலக்கினார்."

அவர் முகத்தில் ஏதோ ஒன்று நின்றுபோனது. உண்மை என்று அவருக்குத் தெரியும். நான் சொன்னதால் உண்மையா, வேறு யாரோ எனக்குச் சொன்னதால் உண்மையா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

நாறும்பூநாதன் சார் பையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். "நேர்ல பாத்த ஆளு இருக்குன்னா வசதியாப் போச்சு. மொட்டக் கடுதாசிதான் வந்துக்கிட்டு கெடந்தது. தேதி போட்டு எழுதிக் குடும்மா. நடவடிக்கை எடுக்கலாம்."

தேதி. பேனா என் கையில் இருந்தது. எந்தத் தேதியை எழுதுவது? அக்கா சொன்ன வாரத்திலிருந்து ஒரு நாளை எடுத்து எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். வகுப்பில் சேர்ந்த பிறகு ஒரு எண்ணைக்கூட நான் கற்பனையாக எழுதியதில்லை.

திரும்பும்போது மேடம் என் கூடவே நடந்தார். பிறகு, "உன் அட்டவணையில அது நேர்ல பார்த்ததுன்னு இல்ல, பேட்டியில கிடைச்சதுன்னு இருக்கு, செல்வி" என்றார்.

"ஆமா மேடம்."

"வரைபடம் போட்டது நீ. சரின்னு கையெழுத்துப் போட்டது நான். அந்த ஜன்னல் எனக்கும் தோணலையே." வேறு எதுவும் அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அந்த வாரம் முழுக்கக் கடையில் தப்புத் தப்பாக பில் போட்டேன். அண்ணாச்சி நம்பியிருப்பாரா என்று ஒரு நேரம் நினைப்பேன். நம்பாவிட்டால் இதற்குள் காலி பண்ணச் சொல்லியிருப்பாரே என்று இன்னொரு நேரம். வெள்ளிக்கிழமை மதியம் இர்ஷாத் போன் செய்தான்.

"கொத்தனாரு வந்திருக்காரு, செல்வி. அந்த ஜன்னல செங்கல் வச்சு அடைக்காங்க."

கடையில் சொல்லிவிட்டு ஓடினேன். நான் போகும்போது வேலை முடிந்திருந்தது. நடுப்பகலில் அக்காவின் வீட்டுக்குள் விளக்கு எரிந்தது. ஈரச் சிமெண்டு வாடையும் புகையிலை நெடியும் கலந்து வந்தன. மகள் மூலையில் விளக்குக்குக் கீழே புத்தகத்தை வைத்திருந்தாள். அக்கா தட்டை வாசல்படிக்குக் கொண்டுவந்திருந்தார்.

"வா ஆராய்ச்சி" என்றார்.

"என்னக்கா சொல்லி அடைச்சாங்க?"

"கொசு வருதாம். கால்வாயப் பாத்து ஜன்னல் இருந்தா நோய் வரும்னு உங்க தாளுலயே போட்டிருக்காமே. அண்ணாச்சி சத்தமா வாசிச்சுக் காட்டுனாரு. நம்ம நல்லதுக்குத்தான செய்யுதேன் வடிவுன்னாரு." இலையைச் சுருட்டி நூலைக் கட்டினார். "வலையடிக்கணும்னுதான போட்டிருந்ததுன்னு இவ கேட்டா. நான்தான் வாய மூடுட்டின்னேன்."

கால்வாயோர ஜன்னல்களுக்குக் கொசுவலை அடிக்க வேண்டும் என்று பரிந்துரையில் எழுதியது நான்தான்; நடையன்று எல்லோருக்கும் அதன் பிரதியைக் கொடுத்திருந்தோம்.

"காலி பண்ணச் சொன்னாராக்கா?"

"சொல்லல. சொல்லுததுக்கு என்ன இருக்கு? இனி வாசல்ல உக்காந்துதான் சுத்தணும். போற வாற எல்லாரும் என்னையப் பாப்பாங்க. நான் யாரையும் பாக்க வேண்டியதில்ல." கொஞ்சம் சிரித்தார். "நீ பாத்தேன்னு சொன்னது காதுல விழுந்துச்சு. அந்த வரப்புல ஒரு நாளாவது நின்னிருக்கியாட்டி?"

"இல்லக்கா."

"பொறவு?" என்றார். பிறகு தெருமுனையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சரி, போ. இனி இங்கன வராத. கோவத்துல சொல்லல. பரீட்ச முடியட்டும்."

ஆய்வாளரிடம் போய் அந்த ஜன்னலைத் திறக்கச் சொல்லிக் கேட்கலாமா என்று வழியெல்லாம் யோசித்தேன். கேட்டால், அந்த ஜன்னல்மேல் எனக்கு என்ன அக்கறை என்று கேள்வி வரும். வாயைத் திறந்தால் அக்காவிடம்தான் போய் முடியும். என் கையில் இருந்தது ஒரே ஒரு வழி.

மறுநாள் வெளுக்கும் நேரத்தில் வாழைத்தோட்டத்து வரப்பில் நின்றேன். இர்ஷாத் நிஜமாகவே கொண்டுவந்து விட்டான். டீ குடிக்கப் போகச் சொல்லியும் போகாமல், பைக்கைக் கிடத்திவிட்டுத் தள்ளி உட்கார்ந்திருந்தான். அன்று லாரி வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. புகார் போனதும் நிறுத்திவிட்டார்கள், நான் எழுதிக் கொடுத்த பொய் பொய்யாகவே நிற்கப் போகிறது என்று நினைத்தேன். "நாளைக்கும் பாப்போம்" என்றான் இர்ஷாத். அவனுக்குத் தூக்கத்தில் கண் சிவந்திருந்தது.

மூன்றாம் நாள் வந்தது. விளக்கை அணைத்துவிட்டு, பின்னால் நகர்ந்து, மடையைப் பார்த்து நின்றது. டிரைவர் இறங்கி முதலில் சுவரைப் பார்த்தார். புதுச் செங்கல் சதுரத்தைப் பார்த்த பிறகு நிதானமாகக் குழாயை இழுத்தார். நாற்றம் கால்வாயைத் தாண்டி வந்தது. போனை உயர்த்திப் பிடித்தேன். முழங்கையை ஒரு வாழைமரத்தில் ஊன்றிக்கொண்டேன். வண்டியின் எண், குழாய், தண்ணீரின் நிறம் மாறுவது எல்லாம் வந்தன.

பல் துலக்கியபடி திரும்பிய டிரைவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"ஏ பிள்ள! யாரு அது? அங்கன என்ன பண்ணுத?"

நான் போனை இறக்கவில்லை. "தண்ணி எடுக்க வந்தேன்" என்று கத்தினேன். பின்னால் இர்ஷாத் எழுந்து நிற்கும் சத்தம் கேட்டது. டிரைவர் அவசரமாகக் குழாயைச் சுருட்டினார். லாரி ரோட்டில் ஏறும்வரை எடுத்துக்கொண்டே இருந்தேன்.

பத்து மணிக்கு நாறும்பூநாதன் சார் அறையில் இருந்தேன். வீடியோவை முழுக்கப் பார்த்தார். அதற்கும் ஒரு தாள் கொடுத்தார். இந்த முறை தேதியை எழுத யோசிக்கவில்லை. இரண்டு தாளையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"அதுல ஒரு தேதி. இதுல ஒரு தேதி. ரெண்டு தடவ பாத்திருக்க?"

முதல் தாளைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்று நினைத்துத்தான் படியேறியிருந்தேன். அது தப்பு சார், கிழித்துவிடுங்கள் என்று சொல்ல வாக்கியத்தைக்கூட அமைத்து வைத்திருந்தேன். சொன்னால் அவர் அடுத்துக் கேட்கப்போவது எனக்குத் தெரியும். அப்படியென்றால் அன்றைக்குப் பார்த்தது யார்?

"ஆமா சார். ரெண்டு தடவை."

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "வர்ற புதன்கிழமை விசாரணை. தேவசிகாமணியும் வருவாரு. அவர் முன்னால இதயே சொல்லணும். அந்தச் சுவத்துல ஏதோ ஜன்னல் இருக்கு, அங்கன இருந்துதான் யாரோ உனக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்கன்னு அவர் ஏற்கனவே வாய்வார்த்தையாச் சொல்லிட்டாரு."

நான் போனைத் திரும்ப அவர் பக்கம் தள்ளினேன். படத்தை ஓரிடத்தில் நிறுத்தினேன். லாரிக்குப் பின்னால் நீளமான சுவர். நடுவில் இன்னும் பூசாத செங்கல்.

"இத நான் பார்த்தப்ப ஜன்னல் எதுவும் இல்ல சார்" என்றேன். "அவர்தான் அடைச்சாரு."

அவர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இரண்டு தாளையும் ஒன்றாகச் சேர்த்துக் குண்டூசி குத்தினார்.