நாகப்பட்டினமும் புதுத் தலைவரும்

கேதீஸ்வரன் அதிகம் பேசுவதில்லை. எப்சம் என்ற புறநகரில் உள்ள வீட்டில் அவர் புத்தகத்தோடு உட்கார்ந்துவிட்டால், மூச்சு இருக்கிறதா என்று மனைவி சோபனா இடைக்கிடை எட்டிப் பார்ப்பாள். அப்பேர்ப்பட்டவர் நாகப்பட்டினத் துறைமுகம் பற்றி அரைமணி நேரம் பேச ஒத்துக்கொண்டிருந்தார். சோழர் போய்ப் பாண்டியர் வந்தபோதும், பின்னர் விஜயநகரத்தார் வந்தபோதும் அங்கே வணிகர்கள் எப்படிப் பிழைத்துக்கொண்டார்கள் என்பதே பொருள். யாரும் கேட்காமலே பல வருடங்களாகப் படித்தது. இப்போதுதான் மேடை கிடைத்திருந்தது.

இன்னொரு புறநகரான பாபகூராவின் மண்டபத்தில் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். முதலில் தேர்தல், பிறகு பேச்சு, கடைசியில் சாப்பாடு. தேர்தல் முடியும்வரை அவர் காருக்குள் இருந்து குறிப்புகளை மனப்பாடம் செய்தார். கூப்பிட்டதும் நேரே மேடையேறி, வாய்ப்பளித்த தலைவர் ஜெயரட்ணத்தைப் புகழ்ந்தார்.

"அவர் இல்லையென்றால் இந்தச் சங்கமே இல்லை!"

பின்வரிசையிலிருந்து சோபனா இரண்டு கைகளையும் ஆட்டினாள். உற்சாகப்படுத்துகிறாள் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் புகழ்ந்தார்.

ரவிசங்கர் மேடைக்கு வந்து காதோரம் சொன்னார்: "அண்ணை, இப்ப நான்தான் தலைவர். சாப்பாடும் ஆறுது. அஞ்சு நிமிசத்தில முடியுங்கோ."

சபை இருமியது. அரசன் மாறினால் காணிக்கையோடு முதல் ஆளாய்ப் போய் நின்ற வணிகர்களைப் பற்றிப் பேச வந்தவருக்கு, கார் நிறுத்துமிடத்துக்கு எதிரேயே இருந்த மண்டபத்தில் ஆட்சி மாறியது தெரியாமல் போயிற்று. ஆனாலும் அந்த அரைமணி நேரம் அவருக்கு வேண்டும். வெட்கத்தை விட்டார். புதுத் தலைவரின் நிதானத்தையும் தொலைநோக்கையும், வேறொன்றும் தோன்றாததால் அவருடைய சட்டையையும் பாராட்டினார்.

ரவிசங்கர் குளிர்ந்துபோனார். "அவசரமில்லை அண்ணை, ஆறுதலாக் கதையுங்கோ."

ஜெயரட்ணம் எழுந்தார். "புரொஜெக்டர் என்ர" என்று சொல்லி, வயரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நடந்தார். திரையிலிருந்து நாகப்பட்டினம் மறைந்தது. பாதிச் சபையும் அவர் பின்னால் போயிற்று.

மிச்சப் பாதிக்கு, படமில்லாமல், கேதீஸ்வரன் அரைமணி நேரமும் பேசி முடித்தார். ஒரே ஒரு கேள்வி வந்தது.

"அப்ப அந்த வியாபாரிகள் ஆரின்ர பக்கம்?"

பின்வரிசையிலிருந்து சோபனாதான் பதில் சொன்னாள்.

"ஆர் வெண்டதெண்டு விசாரிச்சுப்போட்டு வாய் திறக்கிற பக்கம்."